பிரீதரை முதலில், ஃபில்டரை அப்புறம்: பாய்மரப் படகு டீசல் எஞ்சினுக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஏர் ஃபில்டரை ஸ்பாஞ்சாகவே விட்டுவிடலாமா, பேப்பருக்கு மாறலாமா, இல்லை கழுவிக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டர் வாங்கலாமா?" கேட்பவரின் கையில் இருக்கும் பழைய ஃபில்டரைப் பார்த்தால், பெரும்பாலும் அது தூசியால் அடைபட்டிருக்காது. எண்ணெயில் ஊறிப்போய்க் கருத்துக் கனத்துக் கிடக்கும். அந்த எண்ணெய் வெளியிலிருந்து வந்ததல்ல, எஞ்சினே பிரீதர் என்ற குழாய் வழியாக மூச்சாக விட்டது. அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் பிரீதர் குழாய் எங்கே போய் முடிகிறது?"

இந்தக் கட்டுரையை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில் எஞ்சின் மூச்சு விடும் வழியை முடிவு செய்வோம். மூச்சு இழுக்கும் பக்கத்துக்கு என்ன ஃபில்டர் என்பது அதற்குப் பிறகு பாதி தானாகவே முடிவாகிவிடும்.

## இரண்டும் ஏன் ஒரே கேள்வி

சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, பிஸ்டனுக்கு அடியில் உள்ள பெட்டியான கிராங்க்கேஸுக்குள் நழுவிவிடும். புத்தம் புது எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயுவில் புகைக்கரி இருக்கும், எரியாத டீசல் இருக்கும், நீராவி இருக்கும். கிராங்க் சுழன்று அடிக்கும் அடியில் கிளம்பும் ஆயில் துளிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். இது வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயில் கசியும். கிராங்க் சீல், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் கேஸ்கட், சில சமயம் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கே மேலே எழும்பிவிடும். இந்தக் கசிவைப் பார்த்து சீலை மாற்றி, ஆறு மாதத்தில் மறுபடி கசிந்து, மறுபடி மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அடைபட்டிருந்தது பிரீதர்.

இன்னொரு பக்கம், இழுக்கும் மூச்சு. யான்மார் 3ஜிஎம்30 போன்ற ஒரு சின்ன எஞ்சினை எடுத்துக்கொள்வோம், 954 சிசி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை இழுக்கும். 3,000 ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டு, சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்பாது என்பதையும் கழித்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 70 கன மீட்டருக்கு மேல், அதாவது படகின் கேபினில் உள்ள காற்று முழுவதையும் பல தடவை இழுத்துத் தீர்க்கும் அளவு. அத்தனையும் அந்தச் சின்ன எஞ்சின் பெட்டிக்குள் மிதக்கும் எதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறது. ஆல்டர்னேட்டர் பெல்ட் உதிர்க்கும் கருப்புத் தூள், சத்தம் குறைக்க ஒட்டிய பஞ்சுத் தகட்டின் துகள், உப்பு ஈரம், எல்லாவற்றுக்கும் மேலாக பிரீதர் விட்ட எண்ணெய்ப் புகை.

இரண்டையும் இணைக்கும் முடிச்சு ஒன்று இருக்கிறது. பல எஞ்சின்களில் பிரீதர் குழாயை, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்கிலேயே கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். அந்தக் குழாய் ஃபில்டருக்கு முன்னால் சேர்கிறதா, பின்னால் சேர்கிறதா என்பதைப் படகில் போய்க் கண்ணால் பாருங்கள். முன்னால் என்றால் எண்ணெய் ஃபில்டரை நனைக்கும். பின்னால் என்றால் இன்னும் கவனம் தேவை. ஃபில்டர் அடைபட அடைபட இன்டேக்கில் இழுவை கூடும், அந்த இழுவை பிரீதர் வழியாக ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். டீசல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் எரிபொருளின் அளவு. இன்டேக் வழியாக வரும் ஆயிலும் அதற்கு எரிபொருள்தான். ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காமல், தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும் 'ரன்அவே' இப்படித்தான் தொடங்குகிறது. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் எஞ்சின் மிஞ்சாமல் போகலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கார், டிராக்டர் எஞ்சினுக்குத் தூசிதான் முதல் எதிரி. கடலில் அப்படி இல்லை. படகுக்கு என் அளவுகோல்கள் வேறு. முக்கியத்துவ வரிசையிலேயே சொல்கிறேன்.

பழுதானால் எப்படிப் பழுதாகும்? எந்தப் பொருளும் ஒருநாள் கெடும். கெடும்போது சத்தமில்லாமல் எஞ்சினுக்குள் போய்விடுமா, அல்லது வெளியே தெரியும்படி கெடுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஈரமும் எண்ணெயும். நனைந்தால் என்ன ஆகும், எண்ணெய் பட்டால் என்ன ஆகும்.

சாய்வு. பாய்களில் ஓடும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். எஞ்சினையும் ஓடவிட்டால், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் ஒரு மூலைக்கு அது போய்ச் சேரும். குழாய்களின் ஏற்ற இறக்கமும் மாறும். கட்டுத்துறையில் கீழ்நோக்கிச் சரியாக வடிந்த குழாய், 20 டிகிரி சாய்வில் மேல்நோக்கி நிற்கலாம்.

கை எட்டுமா? எட்டாத இடத்தில் வைத்த நல்ல ஃபில்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ரன்அவே வந்தால் இன்டேக் வாயை அடைக்கவும் கை எட்ட வேண்டும்.

ஓடும் விதம். துறைமுகத்திலிருந்து வெளியே வர பத்து நிமிடம், திரும்ப உள்ளே போக பத்து நிமிடம் என்று ஓடும் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து வெளுத்த களிம்பாகும். நங்கூரத்தில் நின்றபடி பேட்டரி சார்ஜுக்காக மணிக்கணக்கில் சும்மா ஓடவிடுவது இன்னொரு கெடுதல். சுமை இல்லாமல் ஓடி ஓடி சிலிண்டர் சுவர் பளபளப்பாகி, ரிங் சரியாக உட்காராமல், கீழே நழுவும் வாயு கூடும்.

உதிரி கிடைக்குமா? நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வாரக் கடைசியில் மட்டும் போய்வருபவர்களுக்கு அவ்வளவு இல்லை.

தூசியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது பெரிதாகும் ஒரே இடம், படகைக் கரையேற்றி வைக்கும் முற்றம். பக்கத்துப் படகில் ஃபைபர் தேய்க்கும்போது பறக்கும் பொடி சிலிண்டரை அரைத்துவிடும். கரையில் இருக்கும்வரை இன்டேக்கை மூடிக் கட்டிவையுங்கள், அதை ஞாபகப்படுத்த எஞ்சின் சாவியில் ஒரு துணியையும் கட்டிவையுங்கள்.

## பிரீதர்: நான்கு வழிகள்

### திறந்த குழாய்

பழைய எஞ்சின்களில் ராக்கர் கவரிலிருந்து ஒரு குழாய் இறங்கி எஞ்சினுக்கு அடியில் சும்மா திறந்து நிற்கும். எளிமைக்கு இதற்கு நிகர் இல்லை. அடைபட அதில் ஒன்றுமே இல்லை, ஆயில் நேராக இன்டேக்குக்குள் போகவும் வழியில்லை. ரன்அவே பயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இது பாதுகாப்பு.

மறைந்த செலவு அந்தப் பெட்டிக்குள் மெல்ல மெல்லப் படிகிறது. எண்ணெய்ப் புகை பெல்ட்டில் படிந்தால் பெல்ட் வழுக்கும், ஆல்டர்னேட்டரில் படிந்தால் உப்பும் தூளும் அதோடு ஒட்டும், சத்தத்தடைப் பஞ்சில் ஊறினால் நாற்றம் போகவே போகாது. தீப்பிடித்தால் அதுவே திரியாகும். சொட்டுவது படகின் அடிப்பள்ளமான பில்ஜில் விழும். பில்ஜ் பம்ப் தானாக ஓடும் படகில் அந்த எண்ணெய் கடலுக்குப் போகும், அது பெரும்பாலான நாடுகளில் குற்றம். அலையில் கேபினுக்குள் இருப்பவர்களுக்கு அந்த நாற்றமே வாந்தி வரவழைத்துவிடும்.

குழாயை நீட்டிப் படகின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வெளியே விட்டுவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். எண்ணெய் கடலில் போவது ஒருபுறம், படகு அந்தப் பக்கம் சாய்ந்தால் கடல் அந்தக் குழாய் வழியே கிராங்க்கேஸுக்குள் வரும்.

எப்போது இதுவே சரி? தேய்ந்த பழைய எஞ்சின், புகை அதிகம், ரிங் மாற்றும்வரை இன்னும் ஒரு சீசன் ஓட்ட வேண்டும் என்றால். அவ்வளவு ஆயிலை இன்டேக்குக்குத் திருப்புவது ஆபத்து. முனையில் எண்ணெய் உறிஞ்சும் துணித்தட்டு ஒன்றை வைத்து, அதை அடிக்கடி மாற்றினால் போதும்.

### இன்டேக்குக்குத் திரும்பும் குழாய்

யான்மார் ஜிஎம் வரிசை உட்பட ஏராளமான சின்ன எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வருகின்றன. ராக்கர் கவரிலிருந்து ஒரு சின்ன ஹோஸ், காற்று இழுக்கும் சத்தத்தைக் குறைக்கும் இன்டேக் சைலன்சருக்குப் போகும். எண்ணெய்ப் புகை எரிந்துபோகும், எஞ்சின் அறை சுத்தமாக இருக்கும், நாற்றம் இல்லை. நல்ல நிலையில் உள்ள, டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத சின்ன எஞ்சினுக்கு இதை மாற்றவே தேவையில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மாற்றச் சொல்லும் ஆர்வம் பல சமயம் எஞ்சினைவிட நமக்கே அதிகம்.

ஆனால் அது கேட்கும் விலை இரண்டு. முதலாவது, ஃபில்டர் சீக்கிரம் நனையும். இன்டேக் வழியிலும் வால்வு முதுகிலும் கரியும் எண்ணெயும் சேர்ந்து பூச்சுப் பிடிக்கும். டர்போ இருந்தால் கம்ப்ரெஸர் இறக்கையிலும், அதற்குப் பின்னால் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் கூலரிலும் அந்தப் படலம் படிந்து, வருடங்கள் போகப் போக சக்தி குறையும். கூலரைக் கழற்றிக் கழுவுவது சின்ன வேலையல்ல.

இரண்டாவது, ஆயில் அளவில் ஒழுக்கம். இந்த ஏற்பாட்டில் ஆயிலை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றுவது வெறும் வீணல்ல, ஆபத்து. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். படகு சாயும்போது அது பிரீதர் வாய்க்கு அருகில் வரும். படகுகளில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கிறது. ஒரு பக்கம் கட்டிய கயிறு இறுகியிருக்கும், நாலு பேர் ஒரே பக்கம் நின்றிருப்பார்கள், படகு லேசாகச் சாய்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து "குறைகிறதே" என்று ஊற்றிவிடுவோம். எஞ்சின் நின்று சில நிமிடம் கழித்து, படகு நேராக மிதக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தாலே போதும்.

### ஆயில் பிடிக்கும் டப்பா

பிரீதர் குழாயை ஒரு டப்பாவுக்குள் விடுவது. உள்ளே உலோக வலையோ தடுப்புத் தகடோ இருக்கும், எண்ணெய் அதில் மோதி வடிந்து அடியில் சேரும், வாயு மேலே இருக்கும் வாய் வழியாகப் போகும். அந்த வாய் வெளியே திறக்கலாம், அல்லது அங்கிருந்து இன்னொரு குழாய் இன்டேக்குக்குப் போகலாம். வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதால் பலருக்குப் பிடித்த வழி.

எனக்கும் பிடிக்கும், ஒரு காரணத்துக்காக. எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளந்து காட்டும் வழி இது ஒன்றுதான். 50 மணி நேரத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தால், ரிங் தேய்வதை டப்பாவே உங்களுக்குச் சொல்லும்.

இதில் தப்பு நடக்கும் இடம் குழாய். டப்பாவை இடம் கிடைத்த மூலையில் மாட்டிவிட்டு, குழாயை நடுவில் தொய்ந்து தொங்கவிடுவார்கள். அந்தத் தொய்வில் நீரும் எண்ணெயும் தேங்கி வழியை அடைக்கும், குளிர்ப் பகுதிகளில் உறையவும் செய்யும். குழாய் முழுக்கக் கீழே இறங்க வேண்டும், அல்லது முழுக்க மேலே ஏற வேண்டும். எஞ்சினில் ஏற்கனவே இருக்கும் குழாயைவிட உள்விட்டம் குறையக் கூடாது. உள்ளே இருப்பது தெரியட்டும் என்று சாதாரண பிளாஸ்டிக் குழாய் போட்டால், சூட்டிலும் எண்ணெயிலும் அது விறைத்து வெடிக்கும். ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் போட வேண்டும்.

சாதாரண வலை எல்லா எண்ணெயையும் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். பிரீதர் புகையில் உள்ள துளிகளில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் கீழே. அவை காற்றோடு வளைந்து தப்பிவிடும். டப்பாவில் சேர்வதை மறுபடி எஞ்சினில் ஊற்றாதீர்கள். பாதிக்குப் பாதி தண்ணீரும் அமிலமும் கலந்த களிம்பு அது.

### மூடிய பிரிப்பான்

ரேக்கார் சிசிவி, மான் ஹம்மெல் புரோவென்ட் போன்றவை. உள்ளே நெருக்கமான இழைப்படுகை இருக்கும். சின்னத் துளிகள் அதில் சேர்ந்து பெரிய துளிகளாகி வடியும். எண்ணெய் ஒருவழி வால்வு வழியே சம்ப்புக்குத் திரும்பும், சுத்தமான வாயு இன்டேக்குக்குப் போகும். டர்போ வைத்த பெரிய எஞ்சினுக்கு, நிறைய மணி நேரம் ஓடும் படகுக்கு, இதுதான் சரியான விடை. கூலர் சுத்தமாக இருக்கும், ஃபில்டர் காய்ந்தே இருக்கும்.

செலவு வாங்கும் நாளோடு முடிவதில்லை. இழைப் படுகையைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், அது எல்லாத் துறைமுகத்திலும் கிடைக்காது. மாற்றாமல் விட்டால் அடைபட்டு கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும். தப்பிக்கும் வால்வு உள்ள மாதிரிகளில் அது திறந்து எஞ்சினைக் காப்பாற்றும், வேலையைக் காப்பாற்றாது. திரும்பும் ஆயில் தன் எடையாலேயே வடிய வேண்டும் என்பதால் பிரிப்பானை சம்ப்பின் ஆயில் மட்டத்துக்கு நன்றாக மேலே மாட்ட வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் எஞ்சினை நெருக்கி வைத்திருக்கும் 30 அடிப் படகில் அந்த உயரம் எங்கே இருக்கிறது? சாய்வையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சினின் இடப்பக்கம் மாட்டிய பிரிப்பான், படகு இடப்பக்கம் சாயும்போது ஆயில் மட்டத்துக்கு அருகில் இறங்கிவிடும்.

பத்து நிமிட ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. குளிர்ந்த எஞ்சினில் பிரிவது எண்ணெயும் தண்ணீரும் கலந்தது, அது நேராக சம்ப்புக்கே திரும்பிவிடும். அப்படி ஓட்டுகிறவர்கள் வடிகாலை சம்ப்புக்கு விடாமல் மூடிய ஒரு சீசாவுக்கு விடுவது நல்லது.

## ஃபில்டர்: இப்போது சுலபம்

### ஸ்பாஞ்ச்

பெரும்பாலான சின்ன எஞ்சின்களோடு வருவது. கழுவலாம், நனைந்தாலும் காற்றை விடும், உதிரியாக இரண்டு வைத்துக்கொள்ள ஒரு கையளவு இடம் போதும். இதை நான் விரும்புகிறேன், ஆனால் இதன் பழுதாகும் முறை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருமுறை பலகாலம் திறக்காத ஒரு இன்டேக் சைலன்சரின் கிளிப்பைத் தளர்த்தினேன். மூடியை எடுத்ததும் ஸ்பாஞ்ச் இருந்த மாதிரியே இருந்தது. விரல் வைத்தேன். விரல் அப்படியே உள்ளே போனது, எதிர்ப்பே இல்லை. எடுத்துப் பார்த்தால் விரலில் தார் போல ஒட்டியிருந்தது. மீதியைச் சுரண்டி எடுத்துத் துணியில் பரப்பி, இருக்க வேண்டிய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உட்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு இல்லை. அது போயிருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அன்று முதல் ஸ்பாஞ்சை மணிக்கணக்கில் நான் எண்ணுவதில்லை, வருடக் கணக்கில் எண்ணுகிறேன். எஞ்சின் ஓடாவிட்டாலும் சூடும் எண்ணெயும் அதைக் கரைத்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு விரலால் அமுக்கிவிட்டால் உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும். பிசுபிசுத்தாலோ, துணியில் தேய்த்தால் தூளாக உதிர்ந்தாலோ, அன்றே மாற்றிவிடுவேன்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அமுக்கிப் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது. நிழலில் காய வேண்டும். பெட்ரோலில் அலசினால் சில ஸ்பாஞ்சுகள் ஊதிப்போகும். எண்ணெய் தடவிப் போடுவதா, காய்ந்தே போடுவதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

### பேப்பர்

நுண்தூசியைப் பிடிப்பதில் சிறந்தது. கடலில் நமக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. நமக்குத் தேவையான இரண்டு விஷயத்தில், ஈரத்திலும் எண்ணெயிலும், இது தோற்கிறது. நனைந்தால் நார் ஊதிக் காற்று வழி குறுகும், எண்ணெய் பட்டால் கழுவ முடியாது. ஆனால் கெடும்போது வெளிப்படையாகக் கெடும். முழு வேகத்தில் கருப்புப் புகை வரும், எஞ்சின் எட்ட வேண்டிய ஆர்பிஎம்மை எட்டாது. மூடிய பிரிப்பான் வைத்து, இன்டேக் வாயில் தண்ணீர் தெறிக்காத இடத்தில், எஞ்சின் தயாரிப்பாளரே பேப்பர் கொடுத்திருந்தால் அதையே தொடருங்கள்.

### எண்ணெய் தடவிய காட்டன்

காற்றைத் தாராளமாக விடும், பல வருடம் கழுவிக் கழுவிப் போடலாம், கூடுதல் எண்ணெய்ப் புகையைப் பேப்பரைவிட நன்றாகத் தாங்கும். தனியாக இதற்கான சுத்தத் திரவமும் எண்ணெயும் படகில் வைத்திருக்க வேண்டும். கழுவிய பின் முழுக்கக் காய வேண்டும், அதற்கு ஒரு பகல் போகும். அளவுக்கு மீறி எண்ணெய் தடவினால் அது இன்டேக்குக்குள்தான் போகும்.

யாரும் கவனிக்காத ஒரு விஷயம்: தொழிற்சாலை சைலன்சரைக் கழற்றிவிட்டு இந்தக் கூம்பு ஃபில்டரை மாட்டினால் எஞ்சின் சத்தம் கேபினுக்குள் கணிசமாகக் கூடும். இரவு முழுக்க எஞ்சினில் ஓடும்போது அது தெரியும். பிரீதர் குழாயைச் சேர்க்க இடமும் இருக்காது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

### வெறும் வலை

சில கடல் எஞ்சின்களில் ஃபில்டரே கிடையாது, ஒரு கம்பி வலையும் சைலன்சரும் மட்டும். கடல் காற்று சுத்தம் என்பது அதன் தர்க்கம், அதில் தப்பில்லை. ஆனால் அது எஞ்சின் அறையையும் சுத்தமாக வைக்கச் சொல்கிறது. பெல்ட் தூளும் உதிரும் பஞ்சுத் தகடும் உள்ள பெட்டிக்கு இது பொருந்தாது. வருடத்துக்கு ஒருமுறை வலையில் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த கம்பி சிலிண்டருக்குள் போவதற்கு, வலை இல்லாமலே இருந்திருக்கலாம்.

## எதோடு எது சேரும்

| பிரீதர் | சேரும் ஃபில்டர் | யாருக்கு | எதில் கவனம் |
|---|---|---|---|
| திறந்த குழாய் | ஸ்பாஞ்ச் அல்லது காட்டன் | தேய்ந்த பழைய எஞ்சின் | பெல்ட், பில்ஜ், நாற்றம் |
| இன்டேக்குக்கு, நேராக | ஸ்பாஞ்ச் | நல்ல நிலையில் உள்ள சின்ன எஞ்சின் | ஆயில் மட்டம், ஸ்பாஞ்சின் வயது |
| டப்பா, வெளியே திறந்தது | ஸ்பாஞ்ச் அல்லது காட்டன் | தேய்மானத்தைக் கண்காணிக்க விரும்புபவர் | குழாய்த் தொய்வு, காலி செய்ய மறப்பது |
| டப்பா, இன்டேக்குக்கு | ஸ்பாஞ்ச் | நாற்றம் பொறுக்காத, இடம் உள்ள படகு | டப்பா நிரம்பினால் எண்ணெய் நேராக இன்டேக்கில் |
| மூடிய பிரிப்பான் | தயாரிப்பாளர் கொடுத்தது எதுவும் | டர்போ எஞ்சின், நீண்ட ஓட்டம் | படுகை மாற்றும் காலம், உயரம் |

மூன்றாவது, நான்காவது வரிகளுக்கு இடையில் ஊசலாடுபவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நான் கேட்பது: டப்பாவை வாரம் ஒருமுறை கண்ணால் பார்ப்பீர்களா? பார்ப்பேன் என்றால் இன்டேக்குக்கு விடலாம். உறுதியில்லை என்றால் வெளியே திறந்துவிடுங்கள். நிரம்பிய டப்பா வெளியே வழிந்தால் துடைத்துவிடலாம், இன்டேக்குக்குள் வழிந்தால் எஞ்சினை நிறுத்துவதே கஷ்டம்.

ரன்அவே வந்தால் என்ன செய்வது என்பதையும் ஏற்பாட்டோடு சேர்த்து முடிவு செய்துவிடுங்கள். எரிபொருளை மூடிப் பயனில்லை, காற்றைத்தான் மூட வேண்டும். இன்டேக் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பலகையை எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். வெறும் கையை வைக்காதீர்கள், இழுவை அவ்வளவு. கார்பன் டை ஆக்சைடு அணைப்பானை இன்டேக்கில் பீய்ச்சினாலும் நிற்கும். கூம்பு ஃபில்டர் மாட்டியவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது: நாலு பக்கமும் காற்று இழுக்கும் கூம்பைப் பலகையால் மூட முடியாது.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன் எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று பாருங்கள். முதலில் இருக்கும் பிரீதர் குழாயைக் கழற்றி, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பால் ஊதுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உரிந்து மடங்கி அடைத்திருப்பதும் உண்டு. ராக்கர் கவருக்குள் வலை இருந்தால் அதை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள்.

அப்புறம் குழாயை மாட்டி, எஞ்சினை முழுச் சூடு ஏற்றி, சும்மா ஓடும் வேகத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாகத் துடித்தால் சரி, அது சாதாரணம். துள்ளிக் குதித்தாலோ, ஒரு பக்கம் விழுந்தாலோ, வாயிலிருந்து புகை தொடர்ந்து எழுந்தாலோ, மேலே சொன்ன எந்த ஏற்பாடும் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. ரிங், சிலிண்டர் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் ஒரு நல்ல முயற்சி மட்டும் மிச்சம்: சுமையோடு, கையேடு அனுமதிக்கும் வேகத்தில், சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓடியே பழகிய எஞ்சினில் ரிங் கொஞ்சம் சரியாகி, மூடியின் துள்ளல் குறைவதுண்டு. குறைந்தால் திறந்த டப்பா போட்டு, 50 மணி நேரத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்று எழுதத் தொடங்குங்கள். குறையாவிட்டால் ஃபில்டருக்கு ஒதுக்கிய பணத்தை கம்ப்ரெஷன் சோதனைக்குக் கொடுங்கள்.